அவன் கால் சரியில்லை என்றேன்

சாந்தாராமின் கால் நன்றாகத்தான் இருந்தது. அது சரியில்லை என்று சொன்னவன் நான். பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

இதை முதலிலேயே உங்களிடம் போட்டு உடைத்துவிடுகிறேன். சுற்றி வளைத்தால் கடைசியில் உங்களிடமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போய்விடுவேன்... அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் கோச்சடையில் எங்களுக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. வைகையோரத்துப் பொட்டல்தான் மைதானம். நான் புதிதாக வந்த கோச். வெளியூர் முகாம் ஒன்றில் சான்றிதழ் வாங்கி வந்த மிதப்பு வேறு! கரும்பலகையில் வட்டம் போட்டு, அம்பு போட்டு, யார் எங்கே ஓட வேண்டும் என்று விளக்குவேன். மற்றவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். இருவர் மட்டும் ஏதோ முணுமுணுத்துச் சிரிப்பார்கள்.

சாந்தாராமும் சுதர்சனும்தான் அந்த இருவர். அண்ணன் தம்பி பிள்ளைகள். மஹால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். சுதர்சன் இடது ஓரமாகப் பந்தைக் கொண்டுவருவான். சாந்தாராம் நடுவில் நின்று கோல் அடிப்பான். ஓடும்போதே தங்கள் வீட்டு மொழியில் குரல் கொடுத்துக்கொள்வார்கள். எதிரணிக்காரர்களுக்கு ஒன்றும் விளங்காது. பந்து எந்தப் பக்கம் வரும் என்று அவர்கள் யோசிப்பதற்குள் கோல் விழுந்துவிடும். நான் வருவதற்கு முன்பு அந்த அணியில் கோலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

ஆனால் அந்தச் சிரிப்பு... என்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சட்டம் போட்டேன்.

"இனிமே கிரவுண்டுக்குள்ள தமிழ் மட்டும்தான். மத்தவய்ங்களுக்குப் புரிய வேணாமா?"

"பழகிருச்சுண்ணே. ஓடுறப்ப வாயில அதுதான் வருது," என்றான் சுதர்சன்.

"அப்ப வாயை மூடிக்கிட்டு ஆடு."

அணியின் ஒற்றுமைக்காக என்று ஊரெல்லாம் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதைத்தான். உண்மையில் எனக்குப் புரியாத ஒன்று என் மைதானத்தில் நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அதோடு கோல் நின்றது. தமிழில் கூப்பிட்டால் எதிரணிக்காரனும் திரும்பினான். சுதர்சன் பழக்கத்தில் வாயைத் திறப்பான், என் முகத்தைப் பார்ப்பான், வார்த்தையை விழுங்கிக்கொள்வான். அதற்குள் பந்து சாந்தாராமைத் தாண்டிப் போயிருக்கும். பார்ப்பவர்களுக்கு அவன் கோட்டைவிட்டதாகத்தான் தெரியும். எல்லைக்கோட்டில் நின்ற எனக்கோ எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

சட்டத்தை விலக்கியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும்! ஏன் விலக்கவில்லை? அந்த இருவர் முன்னால், நான் செய்தது தப்பு என்று எப்படிச் சொல்வது... அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரியவர் வந்தார். ஓர் அரசுத் துறை அணிக்கு ஆள் எடுக்க வந்தவர். தேர்வானால் நிரந்தர வேலை. சாந்தாராமின் பேரைக் கேள்விப்பட்டு, அவனைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தார். அப்பா இல்லாத வீடு அவனுடையது. அந்த வேலையை நம்பித்தான் அவன் இருந்தான். அது எனக்கும் தெரியும்.

அன்றும் கோல் விழவில்லை. ஆட்டம் முடிந்ததும் பெரியவர் என்னிடம் கேட்டார்: "பந்து முன்னால நல்லாத்தான் போகுது. கோல்தான் விழமாட்டேங்குது. கோளாறு உங்க திட்டத்துலயா, பையன்கிட்டயா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம்தான் கோணல். அதைக் கோணலாக்கியவனே நான். ஆனாலும் பழியை ஆடியவன் மேல் போட்டேன்.

"திட்டத்துல குறையில்ல சார். அவன் காலுதான் சரியில்ல."

அவர் தலையை அசைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதோடு முடிந்ததா? நான் சொன்னது எப்படியோ சாந்தாராமின் காதுக்கு எட்டிவிட்டது. மறுநாள் என்னைத் தேடி வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இன்று நான் உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேனோ என்னவோ...

"அண்ணே, எங் காலை எப்படியாச்சும் சரிபண்ணிக் குடுங்கண்ணே," என்றான்.

சரிசெய்யப் புறப்பட்டேன்! ஒரு குறையும் இல்லாத காலுக்குப் பயிற்சி கொடுத்தேன். கோடை முழுக்க, கால் தோல் உரிய உரிய, ஆளில்லாத கோலுக்குள் பந்தை அடிக்க வைத்தேன். அடித்ததெல்லாம் உள்ளேதான் போனது. "இன்னும் வரணும்டா," என்று சொல்லிக்கொண்டு நின்றேன். அந்தப் பெரியவர் திரும்பி வரவேயில்லை. சுதர்சன் ஆட்டத்தை விட்டான். பிறகு சாந்தாராமும் விட்டுவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துக் காட்டும் வேலைக்குப் போனான்.

சில வருடங்கள் கழித்துக் காளவாசலில் பேருந்துக்காக நின்றிருந்தேன். "அண்ணே!" என்று ஒரு குரல். அவனேதான். பக்கத்தில் மனைவி. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் கையைப் பிடித்துக்கொண்டான்.

மனைவியிடம், எனக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னான்: "இவருதான் எங்க கோச்சு. நம்ம காலு ராசி அப்படி, வேலை கிடைக்கல. ஆனா அதைச் சரிபண்ண அம்புட்டு வெயில்ல எங்கூட நின்னு பாடுபட்டாரு."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். அந்தப் பெண் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

இருவரும் கூட்டத்துக்குள் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் தங்கள் மொழியில் பேசிச் சிரிப்பது கேட்டது. என்னைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். நல்லவிதமாகத்தான் பேசியிருப்பார்கள்.