சிவப்பாக எரிந்த குருத்தோலை

சேலையூரில் எங்கள் எதிர்வீட்டு வேதசிரோமணி சாரிடம் ஒரு பழைய மோரிஸ் கார் இருந்தது. சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கொடுத்துவிட்டுப் போனது. பூகோள வாத்தியாருக்குக் கார் எதற்கு என்று கேட்காதவர்கள் கிடையாது. கேட்டவர்களே அடுத்த வாரம் இரவல் வாங்கவும் வருவார்கள். சபையில் கல்யாணம், ஞானஸ்நானம், அடக்க ஆராதனை எதுவானாலும் அந்தக் கார்தான்.

இரவலுக்கென்று ஒரு மரியாதை உண்டு. கொண்டுபோனவர் பெட்ரோல் போட்டு, கழுவித் துடைத்து, பின்சீட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துத் திருப்பித் தருவார். பானெட்டை மட்டும் யாரும் திறக்கமாட்டார்கள். அடுத்தவர் காரைத் திறந்து பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடுமாம். சாரும் ஆயில் பார்த்தீர்களா என்று கேட்கமாட்டார். விருந்துக்கு வந்தவரிடம் எத்தனை இட்லி சாப்பிட்டீர்கள் என்று கேட்பதா என்பார். பழைய இன்ஜின், ஆயிலைக் குடித்துத் தள்ளும். வேறு யாராவது ஊற்றியிருப்பார்கள் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, அதனால்தான் இவ்வளவு வாய் பேசுகிறேன். ஆனாலும் நல்லவர்களின் இந்த நாசூக்கை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

சாரின் மனைவி ஹில்டாவுக்கு ஒரே தங்கை, கிருபா. பெற்றோர் போனபின் ஹில்டாவே வளர்த்து, செங்கல்பட்டுத் தனசிங்குக்குக் கட்டிக்கொடுத்த பெண். அறுபத்தெட்டில் குருத்தோலை ஞாயிறுக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். கோயிலிலிருந்து திரும்பும்போது காரிலேயே, கோயிலில் கொடுத்த ஓலையை மடித்து ஒரு சிலுவை செய்து, வேகம் காட்டும் டயலின் விளிம்பில் செருகிவைத்தாள். ஆயில் குறைந்தால் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு அதன் பின்னால் மறைந்துபோனது. இரவல் வாங்கிய ஒருவரும் அதை எடுக்கவில்லை. சிலுவையை யார் பிடுங்கிப் போடுவார்கள்?

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் தனசிங்கின் தந்தி வந்தது. கிருபாவுக்குப் பிரசவத்துக்குப் பின் வந்த ஜுரம் முற்றிவிட்டது, அக்காவைக் கேட்கிறாள், உடனே வரவும்.

"ஸ்டேஷனுக்குப் போயிடலாங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல ஒரு ட்ரெயின் இருக்கு" என்றாள் ஹில்டா.

"ஊர்ல எல்லாரும் நம்ம கார்ல போறாங்க. உன் தங்கச்சியப் பார்க்க நாம ட்ரெயின்ல போறதா?" என்று சாவியை எடுத்தார் சார்.

வண்டலூர் தாண்டியதும் மழை வலுத்து இருட்டிக்கொண்டு வந்தது. ஹில்டாதான் முதலில் பார்த்தாள். காய்ந்து மெலிந்த ஓலைக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு வெளிச்சம்.

"ஏங்க, இங்க பாருங்க. கிருபாவோட சிலுவை பிரகாசிக்குது."

அங்கே ஒரு விளக்கு இருப்பதே சாருக்கு மறந்துபோயிருந்தது. அவருக்கும் உடம்பு சிலிர்த்தது. "பிழைச்சுக்குவா ஹில்டா, ஜெபம் பண்ணு" என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். அவள் கண்ணை மூடி அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னாள். கடகடவென்று எங்கோ அடித்துக்கொண்டதை மழைச் சத்தம் என்று எண்ணிக்கொண்டு இன்னும் வேகமாகப் போனார்.

காட்டாங்கொளத்தூருக்குப் பக்கத்தில் படாரென்று ஒரு சத்தம். இன்ஜின் இறுகி, கார் நின்றுவிட்டது. சார் இறங்கி பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் ஒரு சொட்டு இல்லை. ஓலைக்குள் எரிந்தது எது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தார், ஒரு வண்டியும் நிற்கவில்லை. ரோட்டை ஒட்டிய தண்டவாளத்தில் செங்கல்பட்டு ரயில் விளக்குப் போட்டுக்கொண்டு போனது. ஹில்டா சொன்ன ரயில். அவள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லங்க, ஆண்டவர் காட்டிட்டாரே. பிழைச்சிருப்பா" என்றாள். மழையில் நின்றபடி சார் தலையை மட்டும் ஆட்டினார்.

வெகுநேரம் கழித்து ஒரு லாரி நின்றது. டிரைவர் அப்துல் ரசாக் எட்டிப் பார்த்து, "இன்னா சார், மழைல நின்னுகினு கீறே? அம்மாவ ஏத்து சீக்கிரம்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கிருபாவின் முகத்தை மூடியிருந்தார்கள். "கொஞ்சம் முன்னாடிதான் அக்கா. வாசலையே பார்த்துக்கிட்டிருந்தா" என்றார் தனசிங். ரயிலில் போயிருந்தால் பார்த்திருக்கலாம்.

செத்துப்போன காரை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துவந்து வாசலில் விட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அதில் போய்வந்தவர்கள்தான். யாருக்கும் எதுவும் தெரியாது. என்னிடம் மட்டும் அந்தக் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு சார் எல்லாவற்றையும் சொன்னார். "அவ அந்தச் சிலுவைய எடுத்து வேதப்புஸ்தகத்துல வெச்சிருக்கா தம்பி. அவகிட்ட இதை எப்படிச் சொல்றது?" என்றார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் சாட்சி சொல்ல ஹில்டா எழுந்தாள். பிழைப்பாள் என்று தான் தப்பாகப் புரிந்துகொண்டதாகவும், தங்கையைத் தம்மிடம் அழைத்துக்கொள்வதைத்தான் ஆண்டவர் அந்தச் சிலுவையில் காட்டினார் என்றும் சொன்னாள். அதனால்தான் தன்னால் தாங்க முடிகிறது என்றாள். பிறகு ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சாரிடம் திரும்பி, "நீங்களும் பார்த்தீங்கதானே?" என்று கேட்டாள்.

காரை இரவல் வாங்கிய அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பார்த்தேன்" என்றார்.