தென்னங்கன்று நடாத நிலம்

இல்லை, கம்பியால் அல்ல. மாரடைப்பு. தொலைபேசியில் கேட்ட எல்லாரிடமும் இதையே சொன்னேன். சிலருக்கு ஏமாற்றம். மின்வழித்தடத்தை எதிர்த்தவர் மின்சாரம் தாக்கிச் செத்திருந்தால் அடுத்தவரிடம் சொல்ல வசதியாக இருந்திருக்கும். தேவசகாயம் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில், திங்கட்கிழமை காலை, மனைவி டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் இறந்தார்.

எனக்குச் செய்தி ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் வந்தது. அழைத்தவர் கோதண்டம். எங்கள் ஊர் நில உரிமையாளர் சங்கத்தின் தலைவர், லாரிகள் வைத்திருப்பவர். "சகாயம் பூட்டான்மா" என்றார். நான் வாய் திறப்பதற்குள், "அந்த ஃபைலு யார்கிட்ட கீது?" என்றார். இரண்டுக்கும் நடுவில் மூச்சுகூட விடவில்லை. வந்து நின்ற வண்டியில் நான் ஏறவில்லை. துக்கத்தால் என்று எழுத ஆசைதான். அந்த இரண்டாவது வாக்கியத்தால்.

அவரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். அதாவது உங்களுக்கு. அறிந்தும் அவரை வாசலோடு நிறுத்திவைத்தவர்களுக்கு. நானும் அதில் ஒருத்தி.

அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே நம் ஊர். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அம்மா எங்கள் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். மகன் சம்பளம் வாங்கி, அதே வயலை ஒட்டி அறுபது சென்ட் வாங்கினார். என் அப்பா அவரை "வாடா சகாயம்" என்றுதான் கூப்பிடுவார். அவரோ என் அப்பாவைவிட நான்கு வயது மூத்தவர். நான் "சார்" என்றேன். பல்கலைக்கழகத்தில் படித்தவள் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் அதில் கலந்திருந்தது. அதை அவர் உடனே பிடித்துவிட்டார். "உங்க வூட்ல என்ன சார்னு கூப்ட மொத ஆளு நீதாம்மா. ஒங்கப்பா கூட இருக்கறப்போ கூப்புடு, பாக்கலாம்" என்றார்.

அப்பா இருக்கும்போது நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு தரவு மையம் வருகிறது. அதற்கு மின்சாரம் கொண்டுபோக ஒரு தனியார் நிறுவனம் கோபுரங்கள் நடுகிறது. வழியில் நம் நிலங்கள். அறிவிப்பில் 'பொதுநலன்' என்றிருந்தது. நிலம் உங்களுடையதுதான், கோபுரம் நிற்கவும் கம்பி போகவும் மட்டுமே உரிமை எடுத்துக்கொள்கிறோம் என்றும் இருந்தது. விளக்கம் சொல்ல வந்த அதிகாரி இந்த வரியைப் பரிசு கொடுப்பதுபோலப் படித்தார். சகாயம் சார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நாலு காலும் என் நெலத்துல நிக்கும். நெலம் மட்டும் என்துன்றீங்க. நல்லாத்தான் கீது."

மின்வாரியத்தில் சம்பளம் வாங்கித் தின்றவனே கரண்டை எதிர்க்கிறானே என்று கோதண்டம் கிண்டல் செய்தது அன்றைக்குத்தான். "நான் வூட்டுக்குள்ள கரண்டு குடுத்தேன். இவன் வூட்டு மேல எத்துகினு போறான்" என்றார் அவர். கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு, அவர் பெயரைச் சங்கத்தின் ஆட்சேப மனுவின் கடைசியில் பதினேழாவதாகச் சேர்த்தது. மனுவை எழுதியதே அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் தரையில் கிராம வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். நூல்கண்டிலிருந்து நூலை உருவி, ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். நூல் நேராகப் போனது. நிறுவனம் போட்ட கோடு அப்படிப் போகவில்லை. ஒரு மனைப்பிரிவுக்கு முன்னால் விலகி, நம் நிலங்களுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் மீண்டும் திரும்பியது. திருப்பத்தில் நிற்கும் கோபுரத்துக்கு இரும்பு அதிகம், செலவும் அதிகம். "கம்பி தானா வளையாதும்மா. எவனோ சொன்னாத்தான் வளையும்." அந்தத் திருப்பக் கோபுரம் அவருடைய அறுபது சென்ட்டில் விழுந்தது. அது நகர்ந்தால் கோடே நகரும். பதினேழு பேரும் தப்பிக்கலாம்.

மனைப்பிரிவு யாருடையது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். அங்கே மண் அடித்தவை கோதண்டத்தின் லாரிகள். சங்கக் கூட்டத்தில் யாரும் அதைப் பேசவில்லை.

பிறகு தென்னங்கன்று. இந்தத் தவறைச் செய்ய நம்மால்தான் முடியும். மரங்களுக்குத் தனி இழப்பீடு உண்டு, தென்னைக்குக் கூடுதல் என்று யாரோ சொன்னார்கள். ஒரே வாரத்தில் கம்பி போகும் வழியெல்லாம் தோப்பாகிவிட்டது. வேர்க்கடலைக்கு நடுவில், நெல்லுக்கு நடுவில், வரப்பின் மேல்கூட. நான்கு அடி தள்ளி, கம்பி போகாத இடத்தில், ஒரு கன்று கிடையாது.

அவர் வீடு வீடாக வந்தார். எங்கள் வாசலிலும் நின்றார். "கம்பி வேணாம்னு மனு குடுத்துகினே, கம்பிக்குக் கீழ கன்னு நட்டா எவன் நம்புவான்?" என்று கேட்டார். அப்பா அவரை உள்ளே கூப்பிடவில்லை. நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். எங்கள் கன்றுகளை மதுராந்தகத்தில் வாங்கி, வண்டி பேசி ஏற்றி வந்தது நான்தான். முதுகலை படித்தவள். இழப்பீட்டுப் பட்டியலில் எந்தக் கன்றுக்கு எவ்வளவு என்று அப்பாவுக்குப் படித்துக் காட்டியதும் நான்தான்.

கலெக்டர் அலுவலக விசாரணையில் நிறுவனத்தின் ஆள் வாதாடவே இல்லை. புகைப்படங்களை மேஜைமேல் வரிசையாக வைத்தார். சிவப்பு வண்ணம் பூசிய அடையாளக் கல், அதை ஒட்டி முந்தாநாள் நட்ட கன்று. அடுத்த படம். மறுபடியும் கல், கன்று. இது வளர்ந்தால் கம்பியில் இடிக்குமே, இடிக்கட்டும் என்றுதான் நட்டீர்களா என்று அதிகாரி கோதண்டத்தைக் கேட்டார். கோதண்டம் மின்விசிறியைப் பார்த்தார். பதினாறு பேரின் ஆட்சேபமும் டீ வருவதற்குள் தள்ளுபடியானது.

பதினேழாவது படத்தில் வேர்க்கடலை மட்டும் இருந்தது. அதிகாரி அதைக் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தார். மனுவோடு இணைத்திருந்த வரைபடத்தையும், அதில் நூல் பிடித்துப் போட்ட கோட்டையும் பார்த்தார். அடுத்த வியாழக்கிழமை நேரில் வந்து நிலத்தைப் பார்ப்பதாகச் சொன்னார். வெளியே வந்ததும் கோதண்டம், "உனுக்கு மட்டும் இன்னாடா ஸ்பெஷலு?" என்றார்.

"நான் ஒண்ணும் நடல அண்ணாத்த. அதான்."

அந்த வியாழக்கிழமைக்கு மூன்று நாள் முன்பு இறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். எல்லாரும் வந்தீர்கள். சங்கத்தின் பேனரில் அவரைப் 'போராளி' என்று போட்டிருந்தது. அவர் படத்தைவிடத் தலைவரின் படம் பெரிது. உயிரோடு இருந்தபோது ஒரு நாற்காலி போடாதவர்கள் ஆளுயர மாலை போட்டீர்கள். கல்லறையில் பாதிரியார் ஜெபித்துக்கொண்டிருந்தபோது கூட்டம் குறைவாக இருந்ததை நான் கவனித்தேன். காரணம் திரும்பி வரும் வழியில் தெரிந்தது.

அவருடைய நிலத்தில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில், தென்னங்கன்றுகள். குழிகளில் ஊற்றிய தண்ணீர் இன்னும் இறங்கவில்லை.

கோதண்டம் மறைக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. "அவன்தான் பொழைக்கத் தெரியாதவன். அந்தம்மாக்காவது நாலு காசு வரட்டுமே. இன்னா தப்பு?" என்றார். குரலில் நிஜமான இரக்கம் இருந்தது. பேராசையை என்னால் புரிந்துகொள்ள முடியும். இந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. பக்கத்தில் என் அப்பா தலையாட்டினார்.

சகாயம் சாரின் மனைவி எலிசபெத் அம்மா வரப்பில் நின்று தன் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளை மறுநாள் ஆபீசர் வந்து இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டார். மற்றவர்களுக்கு ஆனதுதான் என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்துக்குள் இறங்கினார்.

மனுவும் வரைபடமும் இருக்கும் அந்த ஃபைல் எலிசபெத் அம்மாவிடம்தான் இருக்கிறது. கேட்டவருக்குத் தெரியட்டும். என்னிடம் இருப்பது அந்த நூல்கண்டு, நீயே வைத்துக்கொள் என்று எலிசபெத் அம்மா கொடுத்தது. வெள்ளை நூல், வெளிச்சுற்று மட்டும் அழுக்கு. அதோடு, ஒங்கப்பா கூட இருக்கறப்போ கூப்புடு என்று சகாயம் சார் சொன்னதும் என்னிடம் இருக்கிறது.

எலிசபெத் அம்மாவின் பின்னால் நானும் இறங்கியபோது, யார் நிலத்தில் இறங்குகிறாய் என்று அப்பா வரப்பிலிருந்து அதட்டினார். எல்லாரும் நின்றிருந்தார்கள்.

"சகாயம் சார் நெலத்துல" என்றேன்.

எலிசபெத் அம்மாவும் நானும் முப்பத்தோரு கன்றுகளையும் பிடுங்கி வண்டிப்பாதையில் போட்டோம். குழிகளைக் காலால் மூடினோம். பிறகு நான் எங்கள் நிலத்துக்குப் போய், மதுராந்தகத்திலிருந்து வாங்கிவந்தவற்றையும் பிடுங்கினேன்.