முந்தைய வரியின் அளவு

மருத்துவ ஆய்வகங்களுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகத்தில் அவளுக்கு ‘மின்னல்’ என்று பெயர். மற்றவர்கள் ஒரு வாரம் உருட்டும் வேலையை ஒரே நாளில் முடிப்பாள். அந்தப் பெருமை தலைக்கும் ஏறியிருந்தது.

இயந்திரம் அனுப்பும் ரத்த அளவுகளை வரிவரியாகப் படித்து அறிக்கையாக்கும் நிரல் அவள் எழுதியது. வரிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் ‘லூப்’புக்கு வெளியே, அளவைப் போட்டுவைக்க ஒரே ஒரு பெட்டி, அதாவது ‘வேரியபிள்’. ஒவ்வொரு நோயாளியின் அளவும் அதில்தான் ஏறும், அடுத்தவருடையது வந்ததும் அழியும்.

பக்கத்து இருக்கைத் தோழி அதைப் பார்த்தாள். “அக்கா, அது மாறிக்கிட்டே இருக்கு. எப்போ யாரோட அளவு அதுல இருக்குன்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு வரியையும் தனியா ஒரு ஃபங்ஷனுக்குக் குடுங்க, அந்தக் குட்டி நிரல் அதைப் புது வரியா திருப்பித் தரட்டும். பழசு எதையும் மாத்தவே வேண்டாம்.”

“எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றியா? லூப் போதும்.”

இரண்டு மாதம் கழித்து ஒரு பள்ளி ஆசிரியை, அந்த நிரல் தந்த அறிக்கையை நம்பி இல்லாத சர்க்கரை நோய்க்கு நான்கு நாள் மாத்திரை சாப்பிட்டு வகுப்பறையில் மயங்கி விழுந்தார். ஆய்வகம் விளக்கம் கேட்டது. நிரலைத் திறந்துகூடப் பார்க்காமல், ‘ரத்த மாதிரி உள்ள கண்ணாடிக் குழாய்களை மாற்றி வைத்திருப்பார்கள்’ என்று மின்னல் பதில் அனுப்பினாள். அங்கே குழாய்களைக் கையாளும் பெண்ணை எல்லார் முன்னிலையிலும் திட்டி, வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

மறுநாள் காலை மின்னலைச் சந்தேகம் அரித்தது. ஆசிரியையின் பரிசோதனை நாளின் பதிவை வைத்து நிரலை ஓட்டிப் பார்த்தாள். ஆசிரியையின் ரத்தம் உறைந்துபோனதால் அளக்க முடியாமல் இயந்திரம் அவர் வரியை வெற்றாக அனுப்பியிருந்தது. வேரியபிளில் புதிதாக எதுவும் ஏறவில்லை. முந்தைய வரியில் இருந்தவரின் சர்க்கரை அளவு அப்படியே ஆசிரியையின் பெயரில் போய் உட்கார்ந்திருந்தது.

அவளுக்குக் காது மடல் சுட்டது. தோழி தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் கூசியது.

வேலை இழந்த ஆய்வகப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனாள். கதவு பாதிதான் திறந்தது.

“தப்பு என்னோடதும்மா. மன்னிச்சிடுங்க.”

“எங்கிட்ட தனியா சொல்லி என்னங்க பிரயோஜனம்? நான் அத்தனை பேர் முன்னாடி நின்னேன்.”

மறுநாள் ஆய்வகத்தில் எல்லாரும் கூடியிருக்க, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தப் பெண்ணை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

தோழி சொன்ன முறையிலேயே நிரலைத் திருத்தி எழுதினாள். இப்போது ஒருவர் வரி இன்னொருவரைத் தொடாது. வெற்று வரி வெற்றாகவே வரும். அதை ஆய்வகக் கணினியில் நிறுவ அவள் போன அன்று, அந்தப் பெண் ஒவ்வொரு அறிக்கையையும் இயந்திரம் அச்சிட்ட தாளோடு விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இனிமே அது தேவைப்படாதுங்க” என்று சொல்ல வாயெடுத்த மின்னல், அடுத்த தாளை எடுத்து அவளிடம் நீட்டினாள்.