ஒரே மாதிரி பத்து

லிஃப்ட்காரர் வீட்டு இரும்பு அலமாரியில் துணிகளுக்கு ஒரே ஒரு தட்டு. மீதி மூன்றும் கோப்புகளுக்கு. அவர் பழுதுபார்த்த லிஃப்ட்டுகளின் பணிச் சீட்டு நகல்கள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள், என்றோ உடைந்து குப்பைக்குப் போய்விட்ட மின்விசிறியின் உத்தரவாதச் சீட்டு என எல்லாம் தேதி வரிசையில் அங்கே இருந்தன. "என்னை மட்டும்தான் இன்னும் ஓட்டை போட்டு ஃபைல்ல கோக்கல" என்பாள் அவர் மனைவி. மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்ப்பவள். ஒரு நாளைக்கு நூறு பேருக்கு ஊசி போட்டாலும் வாய் ஓயாதவள்.

இந்தப் பழக்கம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததன்று. லிஃப்ட் வேலையை அவர் எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை. இரும்புக் கடையில் எடுபிடியாக இருந்த நாட்களில் பழைய கையேடுகளை இரவல் வாங்கி, படங்களைப் பார்த்து வரைந்து, தாமாகவே கற்றுக்கொண்டார். முதன்முதலில் சேர்ந்த நிறுவனத்தில், ஒரு கட்டடத்து லிஃப்ட்டின் கம்பிவடம் தேய்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அந்த லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே ஐந்து பேரோடு மூன்று மணி நேரம் நின்றது. "என்கிட்ட யாரும் எதுவும் சொல்லலியே" என்றார் மேற்பார்வையாளர். தாள் அவரிடம் இருந்தது. நகல் இவரிடம் இல்லை. வேலை போயிற்று. அன்றிலிருந்து, பால்காரருக்கு எழுதிவைக்கும் துண்டுச் சீட்டுக்குக்கூட நகல் எடுப்பவராக அவர் மாறினார்.

ஆனால் அந்த அலமாரியிலேயே கனமான கோப்பு எது என்று கேட்டால், ஒரு விரல் தடிமன்கூட இல்லாத நீல நிறக் கோப்பைத்தான் அவர் எடுத்துக் காட்டுவார். அதன் மேல் 'கைவினைப் பரிமாற்றம்' என்று எழுதியிருக்கும்.

பேட்டைக் குழந்தைகள் நூலகத்தில் ஆண்டுக்கொரு முறை நடப்பது அது. நான்கு வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் வீட்டில் ஏதேனும் ஒரு பொருளில் ஒரே மாதிரி பத்து செய்து கொண்டுவர வேண்டும். வாசல் மேசையில் பார்த்துப் பதிந்துகொள்வார்கள். பிறகு அந்தப் பத்தையும் நீள மேசையில் பரப்பிவிட்டு, மற்றப் பிள்ளைகள் செய்தவற்றிலிருந்து பத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகலாம். சென்ற ஆண்டு அவருடைய ஆறு வயது மகள், வீட்டில் எறும்பு என்று அழைக்கப்படுபவள், கம்பளி நூலில் பத்துக் குஞ்சங்கள் செய்து எடுத்துச் சென்றாள். பத்தும் ஒரே அளவு, ஒரே கழுத்து, ஒரே நுனி. பதிவு செய்யும் அம்மையார், சனிக்கிழமைகளில் கதை சொல்வதால் கதை டீச்சர் என்று பெயர் பெற்றவர், அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டியலில் எழுதினார்: 'பெரியவர் கைவேலை. திருப்பித் தரப்பட்டது.'

மற்றப் பிள்ளைகள் நீள மேசையைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருக்க, எறும்பு தன்னுடைய பத்துக் குஞ்சங்களையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. சாப்பிடும்போது மட்டும் கேட்டாள்: "அப்போ இதை யாருப்பா செஞ்சாங்க?"

லிஃப்ட்காரர் நூலகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது' என்று ஒரே ஒரு பதில் வந்தது. அதையும் நீலக் கோப்பில் வைத்தார்.

அந்தக் குஞ்சங்களில் அவர் விரல் பட்டதே இல்லை என்பதுதான் விஷயம். ஒரு சதுர அட்டையை எடுத்து, அதன் விளிம்பில் கத்தரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, அதில் நூல் நுனியைச் செருகினால் நழுவாது என்று கண்டுபிடித்தவள் எறும்பு. அட்டையின் மேல் நாற்பது சுற்று. நாற்பதுவரை எண்ணினால் நடுவில் தடுமாறிவிடும் என்று, நான்கு சட்டைப் பொத்தான்களை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, பத்துச் சுற்றுக்கு ஒரு பொத்தானை வலப்பக்கம் தள்ளுவாள். மேலே இறுக்கி ஒரு முடிச்சு, கீழே ஒரே வெட்டு, கழுத்தில் வேறு நிற நூல். பெரியவர்களுக்கு அந்தப் பொறுமை வராது. அவருடைய மனைவி ஒரு முறை முயன்று, இருபதாவது சுற்றில் தொலைபேசி ஒலிக்க, எழுந்து போனவள் போனவள்தான்.

இந்த ஆண்டு அறிவிப்பு வந்த அன்றே லிஃப்ட்காரர் தீர்மானித்துவிட்டார்: மகளுடைய பத்தும் மகளுடையது என்றே பதிவாக வேண்டும், வேறு எந்த முடிவோடும் வீடு திரும்புவதில்லை. நாளுக்கொரு குஞ்சம் என்று ஏற்பாடு. பள்ளி விட்டு வந்ததும், மாலை ஐந்து மணிக்கு, சன்னலோர மேசையில். முடிந்ததும் அதைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு, எண்ணும் தேதியும் எழுதி, எறும்பின் கட்டைவிரல் ரேகையையும் வாங்கிக்கொண்டார்.

"கையெழுத்துப் போடத்தான் தெரியுமே அவளுக்கு" என்றாள் மனைவி.

"கையெழுத்தை நான்தான் போட்டேன்னு சொல்லிடுவாங்க."

"ரேகையைப் பார்த்தா போலீஸ்ல பிடிச்ச மாதிரி இருக்குங்க. பாவம் குழந்தை."

"இந்தத் தடவை எவன் வந்து இது குழந்தை கை இல்லைன்னு சொல்றான்னு பார்க்கிறேன்!" என்றார் அவர், கொஞ்சம் உரக்கவே. எறும்பு நூல் சுற்றிக்கொண்டே அதைக் கேட்டாள்.

நான்கு வயதுத் தம்பி, ஓரிடத்தில் நில்லாத காரணத்தால் பம்பரம் என்று பெயர் வாங்கியவன், தானும் கலந்துகொள்வேன் என்று தரையில் புரண்டான். அவனுக்குக் காகிதப் பாம்பு. இரண்டு காகிதப் பட்டைகளை மாற்றி மாற்றி மடித்து, தலையில் பொட்டுப்போல் கண் ஒட்டவேண்டியதுதான். அவனுக்கு உறையும் இல்லை, ரேகையும் இல்லை. அவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அதுவரை தேதியிலும் ரேகையிலுமே கண்ணாக இருந்த லிஃப்ட்காரர், எட்டாம் நாள் மாலை உறைகளை வரிசையாகப் பரப்பிச் சரிபார்க்கும்போதுதான் நெற்றியைச் சுருக்கினார். ஒன்று முதல் நான்குவரை அளவெடுத்தாற்போல் இருந்தன. ஐந்தாவதில் நான்கு இழைகள் நீண்டு தொங்கின. ஆறாவதன் கழுத்து தொளதொளவென்றிருந்தது. ஏழாவதற்கு வழுக்கை விழுந்தாற்போல் ஒரு பக்கம் நூலே இல்லை.

லிஃப்ட் ஏன் நிற்கிறது என்று பார்ப்பதைப்போலவே பார்த்தார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு காரணம். கத்தரிக்கோலைச் சாணை பிடித்தார். அட்டையின் விளிம்பு நைந்திருக்கிறதா என்று தடவினார். நூலுண்டையை மாற்றினார். பிறகு எறும்பு எட்டாவதைச் செய்தாள். அது தலைவாராத பொம்மையைப்போல் வந்தது.

"கண்ணு, கை வலிக்குதா?"

"இல்லப்பா."

"தூக்கமா?"

"இல்ல."

"பின்ன ஏன் இப்படி?"

எறும்பு பொத்தான்களை அடுக்கினாள். "நல்லா இருந்ததாலதானே போன வருஷம் திருப்பிக் குடுத்தாங்க? கோணலா செஞ்சா குழந்தை செஞ்சதுன்னு நம்புவாங்க." பிறகு, அப்பாவுக்குப் புரியவில்லையோ என்று நினைத்து, "கோணலா செய்றதுதான்பா கஷ்டம். அதுவா நேரா வந்துடுது" என்றாள்.

லிஃப்ட்காரர் எட்டாவதை எடுத்து முதல் உறையின் பக்கத்தில் வைத்தார். அவள் செய்த வேலையில் அவளைத் தவிர வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் உண்மையாகியிருந்தது.

"உனக்கு எப்படி வருதோ அப்படியே செய்."

"திருப்பிக் குடுத்துட்டா?"

"குடுக்க விடமாட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா. ஆனா இன்னும் ஆறு வேணும். ரெண்டு நாள்தான் இருக்கு."

எறும்பு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்போ ஒரு நாளைக்கு மூணு. நீங்க நடுவுல ரேகை ரேகைன்னு தொந்தரவு பண்ணக் கூடாது."

அவர் ஒப்புக்கொண்டார். இரண்டு நாளும் அவள் முதுகை நிமிர்த்தாமல் செய்தாள். ஆறும் அச்சு அசலாக வந்தன. கோணலான நான்கையும் அவர் எறியவில்லை. எறிகிற பழக்கம் அவருக்கு ஏது? உறையோடு நீலக் கோப்பில் செருகிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை நால்வரும் போனார்கள். வாசல் மேசையில் அதே கதை டீச்சர், அதே தடித்த மூக்குக்கண்ணாடி. பின்னால் வரிசை படிவரை நீண்டிருந்தது. முதலில் பம்பரம் தன் பாம்புகளைக் கவிழ்த்துக் கொட்டினான். டீச்சர் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"அட, இதைப் பாருங்களேன்! மூணு கண்ணு வச்ச பாம்பு! இதுதான் குழந்தை கை. பார்த்த உடனேயே தெரிஞ்சுடும்."

எழுதிவிட்டார். அடுத்து எறும்பு தன் பத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள். டீச்சர் ஒன்றை எடுத்தார். இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"போன வருஷமும் நீங்கதானே?"

"நான் இல்லைங்க, இவ" என்றார் லிஃப்ட்காரர். கோப்பை மேசைமேல் வைத்தார்.

"சார், பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க. இதையெல்லாம் படிக்க எனக்கு நேரமில்லை."

"ஒரே ஒரு தாள் போதும்." அறிவிப்பை எடுத்து நீட்டினார். இரண்டாவது விதியின்கீழ் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தார். "ஒரே மாதிரி பத்துன்னு கேட்டது நீங்க. ஒரே மாதிரி பத்து செஞ்சுகிட்டு வந்திருக்கா. கோணலா இருக்கணும்னு எந்த விதியில இருக்கு?"

"ஒரே மாதிரின்னா இவ்வளவு ஒரே மாதிரியா? ஆறு வயசுப் பொண்ணு..."

"ஏழு" என்றாள் எறும்பு.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். கோபக்காரர் அல்லர், களைத்திருந்தார். "என் நிலைமையையும் பாருங்க சார். போன வருஷம் ஒரு வீட்ல கடையில வாங்கின பொம்மையில ஒட்டியிருந்த விலைச் சீட்டைக்கூடப் பிய்க்காம குடுத்தாங்க. என் கண்ணை நம்பாம நான் வேற எதை நம்பறது?"

லிஃப்ட்காரர் கோப்பிலிருந்து நான்கு உறைகளை எடுத்து வைத்தார். "உங்க கண்ணுக்காக இவ செஞ்சது இது. வேணும்னே கோணலா."

டீச்சர் வழுக்கைக் குஞ்சத்தை எடுத்துப் பார்த்தார். "இதைக் கொண்டுவந்திருந்தா நான் ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டேனே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

எறும்பு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். 'நான் அப்போதே சொன்னேனே' என்ற பார்வை. லிஃப்ட்காரர் வாழ்க்கையில் சேர்த்துவைத்த தாள்கள் அனைத்தும் அந்தப் பார்வைக்கு முன் வெறும் தாள்களாக நின்றன. ஆனால் அவர் மேசையைவிட்டு நகரவில்லை.

அப்போது மனைவி தொண்டையைச் செருமினாள்.

"டீச்சர், அந்த மூணு கண்ணுப் பாம்பு நான் செஞ்சது."

"என்னது?"

"இவன் ஆறு செஞ்சுட்டு ஓடிட்டான். மிச்சம் நாலு நான்தான். குழந்தை செஞ்ச மாதிரி இருக்கணும்னு இடது கையால செஞ்சேன். அந்த மூணாவது கண்ணு எனக்கே கொஞ்சம் அதிகமாத்தான் பட்டுது."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லிஃப்ட்காரர் மெல்லத் திரும்பினார். அவர் வாயிலிருந்து வந்த முதல் சொற்கள்: "எந்தத் தேதி?"

"வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். எழுதி வச்சுக்கோங்க." முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் தணியவில்லை. "கோணலுக்கு ஒரு பார்வை, நேருக்கு ஒரு பார்வைன்னா ரெண்டுமே தப்பாத்தானே போகுது டீச்சர்? என்னோடதை எடுத்துக்கிட்டு இவளோடதைத் தள்ளுறீங்க."

"அம்மா! அது என் பாம்பு!" என்று பம்பரம் வீறிட்டான்.

டீச்சர் மேசைமேல் கிடந்த பாம்புகளையும் குஞ்சங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பெற்றோரை விட்டுவிட்டு, எறும்பின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். சென்ற ஆண்டு அவர் செய்யாமல் விட்டது அதைத்தான்.

"கழுத்துல எத்தனை சுத்து போட்டிருக்கே?"

"ஏழு."

"ஏன், ஆறு போட்டா ஆகாதா?"

"ஆறு போட்டா தளர்ந்துடும். எட்டு போட்டா கழுத்து குண்டாயிடும், தலை சின்னதாத் தெரியும். போன வருஷம் எட்டு போட்டேன். அது தப்பு." எறும்பு கொஞ்சம் யோசித்தாள். "அதுக்காகத் திருப்பிக் குடுத்திருந்தா சரி."

டீச்சர் பேனாவை எடுத்தார். 'குழந்தை கைவேலை. குஞ்சம், பத்து' என்று எழுதி, பொருள்களை எடுத்துப் போட்டுக்கொள்ள எறும்பிடம் ஒரு தட்டை நீட்டினார். பாம்புகளில் நான்கை ஒதுக்கி, பம்பரத்தின் பத்தை அடித்து ஆறாக்கினார். ஆறென்றால் எவ்வளவு என்று தெரியாததால், அக்காவின் பின்னால் அவனும் குதித்துக்கொண்டு ஓடினான்.

லிஃப்ட்காரர் அங்கேயே நின்றார்.

"இன்னும் என்ன சார்?"

"போன வருஷப் பட்டியல் இருக்கா?"

"சார், அது முடிஞ்சு போன விஷயம்."

"எங்களுக்கு முடியலைங்க."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீச்சர் அவரை ஒரு கணம் அளந்தார். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, பழைய பட்டியலைக் கொண்டுவந்தார். 'பெரியவர் கைவேலை' என்ற வரியைக் குறுக்கே அடித்து, மேலே 'குழந்தை கைவேலை. திருப்பித் தந்தது என் தவறு' என்று எழுதி, கையொப்பமும் தேதியும் இட்டார்.

"நகல்தானே? கேட்பீங்கன்னு தெரியும். சாயங்காலம் எடுத்துத் தர்றேன். இப்போ வழியை விடுங்க சார்."

லிஃப்ட்காரர் பட்டியலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, நீள மேசைப் பக்கம் திரும்பினார். "எறும்பு! இங்க வந்து இதைப் பாரு!"

அவள் ஒரு கையில் தட்டும் மறு கையில் களிமண் ஆமையுமாக, அந்த ஆமையின் வாலை உடைத்தது யார் என்று முன்பின் தெரியாத ஒரு சிறுமியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருங்கப்பா! இன்னும் மூணு எடுக்கணும்."