பின்வீட்டுக்குப் போன வயர்

எங்கள் வளவில் இரண்டு வீடுகள் உள்ளன. முன்வீடு எனக்கு, பின்வீடு தங்கச்சிக்கு. இலங்கையின் கிழக்கில், கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். மூத்தவள் நானாக இருந்தும் தங்கச்சிதான் முதலில் கலியாணம் முடித்தாள். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வாப்பா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைப்பவர். உம்மா குர்ஆன் ஓதுவார், தமிழ்ப் பத்திரிகை வாசிக்கத் தெரியாது. தங்கச்சி ஆறாம் வகுப்போடு நின்றாள். படிப்பை முடித்த ஒரே ஆள் நான். அரசாங்கக் கந்தோரிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். நான் வாசித்து, இன்னது என்று சொன்னால் அதுதான் முடிவு. குடும்பத்தில் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

பின்வீட்டுக்குச் சொந்த மீற்றர் இல்லை. காணி உறுதிப் பத்திரத்தை இரண்டாகப் பிரிக்காததால் மீற்றருக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. எனவே என் வீட்டு சுவிட்ச் பலகையிலிருந்து ஒரு வயர் சுவரைத் துளைத்து, முற்றத்துக்கு மேலாகத் தங்கச்சியின் வீட்டுக்குப் போனது. அந்த வயரில்தான் அவளுடைய மாப்பிள்ளையின் பிறீசர் ஓடியது. அவர் கலர்ச் சீனித்தண்ணீரைச் சிறு பைகளில் உறையவைத்து, ஐஸ் பக்கெட் செய்து பள்ளிக்கூடக் கன்ரீன்களுக்குப் போடுகிறவர். அந்தக் குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை. மாதம் பிறந்தால் கரண்டுக்கென்று ஒரு தொகையைத் தங்கச்சி கொண்டுவந்து தருவாள். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை, நான் கார் வாங்கும் வரை.

நாவிதன்வெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் புவியியல் படிப்பிக்கிறேன். போகவர இரண்டு பஸ் மாற வேண்டும். கத்தாரில் இருக்கிற என் கணவர் அனுப்பிய காசோடு கடனும் எடுத்து, ஜப்பானில் ஓடிய பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கினேன். எங்கள் தெருவில் பெண் ஒருத்தி ஓட்டிய முதல் கார் அது. பெற்றோல் காசில் பாதிகூடச் செலவாகாது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

சும்மா சொல்லவில்லை, கணக்குப் பார்த்துத்தான் சொன்னேன். த்ரீ பேஸ் லைன் எடுத்து, நேரத்துக்கு நேரம் விலை மாறுகிற மீற்றருக்கு மாறினோம். மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை கரண்டுக்குக் கொள்ளை விலை. பத்தரையிலிருந்து காலை ஐந்தரை வரை மிக மலிவு. காரின் பிளக்கை எப்போது செருகி வைத்தாலும், குறித்த நேரத்தில் தானாகச் சார்ஜ் ஏறத் தொடங்கும்படி அதன் திரையில் டைமர் வைக்கலாம். ஆனால் திரை முழுக்க ஜப்பான் எழுத்து. போன் கமராவைப் பிடித்து ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்து, தொடக்கம் பத்தரை, முடிவு ஐந்தரை என்று நானே வைத்தேன். ஆசிரியர் அறையில் அதைச் சொன்னபோது, புருஷன்மாரின் போனைத் திறக்கத் தெரியாதவர்கள்கூட என்னை வியப்போடு பார்த்தார்கள்.

தங்கச்சியின் மாப்பிள்ளை காரைச் சுற்றி வந்து, “டீச்சர், இதுக்குத் தவிடு புண்ணாக்கு ஒண்டும் வேணாமா?” என்று கேட்டார். அவர் என்னை மைனி என்று கூப்பிடுவதில்லை. டீச்சர்தான். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

பின்வீட்டில் தங்கச்சியோடு இருக்கிற உம்மாவுக்குக் கண்ணூறுப் பயம். தெருவில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் காரைக் காட்டாதே என்று நச்சரித்தார். கண்ணூறை நம்புகிறவள் இல்லை நான் என்று அவரிடம் சொன்னேன். பிறகு மருதமுனைத் தையல்காரர் ஒருவரிடம் தடித்த உறை ஒன்று தைப்பித்து, கார் முழுவதையும் தரைவரை மூடினேன். கடல் உப்புக்காற்றுக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் இரண்டுக்கும்தான். மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் காரைச் செருகிவிட்டு உறையை இழுத்து மூடினால், அடுத்த நாள் விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகுதான் திறப்பேன்.

முதல் பில் வந்தது. நான் போட்ட கணக்கைவிட மிக அதிகம். அதில் மூன்று வரிகள் இருந்தன: பகல், மாலை, நடு இரவு. மாலை வரிதான் வீங்கிக் கிடந்தது. என் கார் சார்ஜ் ஏறுவது பத்தரைக்குப் பிறகு. மாலையில் என் வீட்டில் ஒரு ஃபேனும் இரண்டு லைற்றும் மட்டுமே. அப்படியானால் மாலையில் இழுப்பது யார்? பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலால் பார்த்தேன். முற்றத்துக்கு மேலே அந்த வயர் தொங்கியது.

சந்தேகம் வந்த பிறகு எல்லாமே அதற்குச் சாட்சி சொன்னது. பின்வீட்டிலிருந்து வந்த பிறீசர் சத்தம் முன்பைவிடக் கூடியிருப்பதாகப் பட்டது. ஒருநாள் மாலை, சாக்கால் மூடிய பெட்டி ஒன்றை மாப்பிள்ளை முச்சக்கர வண்டியிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுபோனார். என்னைக் கண்டதும் சாக்கைச் சரிசெய்தார். இரண்டாவது பிறீசர் என்று முடிவு கட்டினேன். காலையில் அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற ஐஸ் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன். இரண்டாவது பில்லும் அப்படியே வந்தபோது கணவரிடம் போனில் சொன்னேன். குடும்பத்துக்குள்ளே இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றார். அதை வைத்து, அவரும் அவர்களைச் சந்தேகிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

தங்கச்சியிடம் நேராகக் கேட்கவில்லை. பிறீசருக்குள் இப்போது எவ்வளவு பிடிக்கும், வியாபாரம் எப்படி என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். ஏன் ராத்தா கேட்கிறீர்கள் என்றாள். சும்மாதான் என்றேன். அவள் பிறகு என்னைப் பார்த்த விதமும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை ஒரு பரிசோதனை செய்தேன். மீற்றர் இலக்கத்தை எழுதி வைத்தேன். பின்வீட்டுக்குப் போகிற பிரேக்கரைக் கீழே தட்டினேன். யாருக்கும் சொல்லாமல் வீட்டைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். மாப்பிள்ளை விடியவே வெளியே போயிருந்தார். அடுத்த நாள் அவருக்கு ஒரு விளையாட்டுப் போட்டிக்கான பெரிய ஓடர் இருந்ததை நான் அறியாமல் இல்லை. உம்மா முந்தின நாள் சொல்லியிருந்தார். ஒருநாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் பாடவேளையில் போனைப் பார்த்தேன். தங்கச்சி ஐந்து தடவை கோல் எடுத்திருந்தாள். நான் திருப்பி எடுக்கவில்லை.

மத்தியானம் வந்ததும் முதல் வேலையாக மீற்றரைப் பார்த்தேன். இலக்கம் ஏறவே இல்லை என்று சொல்லலாம். வீடு பூட்டிக் கிடந்தால் ஏறாதுதான். அது அப்போது என் புத்தியில் படவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் மீற்றர் ஓடாது, அதுதான் ஆதாரம் என்று எடுத்துக்கொண்டேன். வழக்கம்போலக் காரைச் செருகி உறையைப் போட்டேன். நிமிர்ந்தபோது தங்கச்சி பக்கத்தில் நின்றாள்.

“ராத்தா, எங்கட வீட்டுல மட்டும் கரண்ட் இல்ல.”

“ஓம். நான்தான் ஓஃப் பண்ணின.”

அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டாள்.

“பில்லுக் கூடிப் போச்சா?”

“யார் இழுக்கிறதெண்டு பாக்கணும். மஃரிபு கழியட்டும், போட்டுத் தாறன்.”

“பாருங்க,” என்றாள். “வடிவாப் பாருங்க.” பின்வீட்டுக்குப் போனவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

பொழுது சாய்ந்ததும் மஃரிபு தொழுதேன். தொழுகையில் மனம் நிற்கவில்லை. ஏழு மணி கடந்ததும் டோர்ச்சோடு மீற்றரிடம் போனேன். பின்வீடு இருட்டாக இருந்தது. என் வீட்டில் ஒரு லைற் மட்டும் எரிந்தது. மீற்றரில் சிவப்புப் புள்ளி ஒன்று உண்டு, கரண்ட் ஓட ஓட அது மினுங்கும். மெதுவாக ஓடினால் இருமல் போல விட்டுவிட்டு மினுங்கும். அன்று அது இடைவிடாமல் துடித்தது.

முதலில் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அவர்கள் வேறு எங்கிருந்தோ ஒரு வயர் இழுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். டோர்ச்சைச் சுவர் நெடுகப் பிடித்துத் தேடினேன். சுவரில் இருந்தது காருக்குப் போகிற என் வயர் மட்டும்தான். அதில் கை வைத்தேன். இளஞ்சூடாக இருந்தது.

உறையின் ஒரு முனையைத் தூக்கினேன். கண்ணாடிக்குள், டாஷ்போர்டுக்கு மேலே, சார்ஜ் ஏறும்போது மட்டும் எரிகிற நீல விளக்குகள் அழகாக மினுங்கிக்கொண்டிருந்தன.

காருக்குள் ஏறி உட்கார்ந்து, போன் கமராவைப் பிடித்து, திரையின் பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். வெளியே காட்டும் நேரத்தை மட்டும் விற்றவர் நம் நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தார். டைமர் பின்பற்றிய உள்கடிகாரம் ஜப்பான் நேரத்திலேயே ஓடியது. அங்கே பத்தரை என்றால் இங்கே ஏழு மணி. ஒன்பதாம் வகுப்புக்கு நெடுங்கோடுகளை வரைந்து, கிழக்கே போகப் போக நேரம் முந்தும் என்று வருடா வருடம் படிப்பிக்கிறவள் நான். இரண்டு மாதமாக, கரண்டுக்கு ஆகக் கூடிய விலை உள்ள நேரத்தில், என் கையால் வைத்த டைமர்தான் என் பில்லை ஏற்றியிருக்கிறது. உறை இல்லாதிருந்தால் முதல் நாள் மாலையே அந்த நீல வெளிச்சத்தைக் கண்டிருப்பேன்.

பிரேக்கரை மேலே தட்டிவிட்டுப் பின்வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வந்திருந்தார். உருகிய பக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வாளிக்குள் பிழிந்துகொண்டிருந்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் கலந்து வாளிக்குள் மண் நிறமாகிவிட்டது. அறை மூலையில் அந்தச் சாக்குப் பெட்டி திறந்திருந்தது. பழைய தையல் மெஷின், தங்கச்சிக்கு வாங்கியது. கடன் என்பதால் யாருக்கும் சொல்லவில்லையாம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உள்கடிகாரம், ஜப்பான், மூன்றரை மணித்தியாலம். சொல்லச் சொல்ல என் குரல் வகுப்பில் விளக்குகிற குரலாக மாறியதை நானே கேட்டேன். உருகியதற்குக் காசு தருகிறேன் என்றேன்.

மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. “ஜப்பான்ல இரிக்கிற கள்ளன எங்கட வீட்டுக்குள்ள தேடியிரிக்கீங்க, டீச்சர்,” என்றார். வாசலில் நின்ற உம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. தங்கச்சி சிரிக்கவில்லை. உம்மாவும் அடக்கிக்கொண்டார்.

காசை அவர்கள் வாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை ஒரு சிறிய லொறி பிடித்து வந்து, பிறீசரைத் தன் தாய் வீட்டுக்கு ஏற்றிப் போனார். வேறு ஊரில் இது வெறும் சாமான் இடமாற்றம். எங்கள் ஊரில், மாப்பிள்ளையின் பொருள் தாய் வீட்டுக்குத் திரும்பினால் மாப்பிள்ளையும் பின்னால் போகப் போகிறார் என்று அர்த்தம். லொறி தெரு முனையைத் தாண்டுமுன்பே கதவுகள் திறந்தன. அன்று அஸர் தொழுகைக்குள் மூன்று பெண்கள் தங்கச்சியிடம் வந்து, ஆறுதல் சொல்வது போல விசாரித்தார்கள். அவள் எவரிடமும் என் பெயரை எடுக்கவில்லை. மாப்பிள்ளை இரவில் வந்து தங்கித்தான் போனார். ஆனால் தெருவுக்குத் தெரிந்தது பிறீசர் மட்டும்தான்.

உறுதியைப் பிரிக்கிற வேலையை நான் ஓடி ஓடிச் செய்தேன். கந்தோர் கடிதங்களை வழக்கம்போல என்னிடம் தருவாள் என்று எதிர்பார்த்தேன். தங்கச்சி அவற்றை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். கையொப்பம் இட வேண்டிய இடத்தை மட்டும் என்னிடம் காட்டினார்கள். நான்காம் மாதம் பின்வீட்டுக்குச் சொந்த மீற்றர் வந்தது. பிறீசர் திரும்பி வந்தது. முற்றத்து வயரைக் கழற்றிச் சுருட்டி என் வாசலில் வைத்திருந்தார்கள்.

டைமரை இப்போது நம் நேரத்துக்குத் திருத்திவிட்டேன். பில் நான் சொன்னபடியே இறங்கியிருக்கிறது, பெற்றோல் காசில் பாதிகூட இல்லை. இதை யாரிடமும் சொல்லத் தோன்றுவதில்லை.

ஆனாலும் தினமும் மஃரிபுக்குப் பிறகு போய் உறையைத் தூக்கிப் பார்க்கிறேன். காருக்குள் இருட்டாக இருக்கும். அப்படியும் கண்ணாடியில் முகத்தை வைத்து ஒருதரம் பார்ப்பேன். போன கிழமை அப்படிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, தங்கச்சி தன் புது மீற்றரின் முன்னால் நின்றாள். கையில் அவளுடைய முதல் பில். சிவப்புப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளுடைய கண் மீற்றரிலிருந்து இறங்கி, என் வீட்டுச் சுவர் நெடுக மெதுவாக நகர்ந்து, என் காருக்குப் போகிற வயரில் வந்து நின்றது.