ஆள் நிறைந்தால் கிளம்பும் கப்பல்

கரீபியன் உல்லாசக் கப்பலும் ஆள் நிறைந்ததும் கிளம்பிவிடும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். யாங்கோனில் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தெரியும்? இங்கே எங்கள் படகுக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, தலைகளைத்தான் பார்ப்பார்.

அமெரிக்காவிலிருக்கும் மகள் எனக்கும் மனைவிக்கும் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டு, தீவில் இறங்கினால் போகக்கூடிய பீச் கிளப்புகளின் பட்டியலையும் அனுப்பினாள். பீச் கிளப் என்பது வேலி போட்ட மணல். காசு கொடுத்துக் கையில் அடையாளப் பட்டை கட்டிக்கொண்டால்தான் கடலைப் பார்க்க விடுவார்கள். யாங்கோன் வீட்டில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றையும் காறித் துப்பாத குறையாகத் தள்ளினேன். துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டேன். பர்மா பாஸ்போர்ட்டோடு என்னை அங்கே விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டால் யார் வந்து மீட்பது?

தீவில் இறங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நாலு பேர் கப்பலை நோக்கித் திரும்பி நடந்தார்கள்.

“ஆள் ஏறுது, வா போயிரலாம்,” என்றேன் மனைவியிடம்.

“நீங்க போயி கப்பலக் கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காருங்க. நான் குளிச்சிட்டு வர்றேன்.”

ஓடிப்போய் ஏறினேன். அவள் மாலை நாலரைக்கு ஈரத் தலையோடு வந்தாள். கப்பல், முதல் நாளே சொன்னபடி, ஐந்து மணிக்குக் கிளம்பியது. நான் காலை பத்தரையிலிருந்து மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தேன்.