தோசைக் கல்லும் ஆர்மோனியமும்

காதுக்குக் கருவி பொருத்தும் தொழிலில், கேட்கவில்லை என்று வாங்கும் திட்டைவிட, கேட்கிறது என்று வாங்கும் திட்டுதான் அதிகம். கள்ளக்குறிச்சியில் பரிசோதனை அறை வைத்திருக்கும் எனக்கு இது பழகிவிட்டது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் படித்தால் தலையாட்டுவார்கள்.

கிரைண்டர் மட்டும்

மல்லிகா தியாகதுருகத்துக்காரர். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நிற்கும் ஓட்டல் ஒன்றில் தோசை மாஸ்டர். இரண்டு காதும் மந்தமாகி, கடன் வாங்கிக் கருவி போட்டுக்கொண்டார். பொருத்திய அன்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த வாரமே கருவிகளைக் கழற்றி என் மேசையில் வைத்தார்.

"மேடம், மிஷின் போட்டதுலேர்ந்து கிரைண்டர் ஓடறது ஜோரா கேக்குது. மனுசங்க பேசறதுதான் கேக்கல."

எல்லாம் சரி

சத்தம் புகாத அறையில் அவரை உட்காரவைத்து வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றுகூட விடாமல் திருப்பிச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம். கருவியும் சரி, நான் வைத்த அளவும் சரி, குறை எதுவும் இல்லை என்று கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். அவர் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப இந்த ரூமைத் தூக்கியாந்து எங்க ஓட்டல்ல வச்சிடுங்க. நான் உள்ளயே நின்னு தோசை ஊத்தறேன்."

பொங்கல் வரைக்கும்

ரோஷம் வந்து நானே உளுந்தூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். மல்லிகா கல்லைப் பார்த்தபடி நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் சப்ளையர்கள் ஆர்டரைக் கத்துகிறார்கள். அதோடு புகைபோக்கி விசிறி, எவர்சில்வர் தட்டுகள், வாசலில் லாரி ஹாரன். எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. ரோஸ்ட் கேட்டவருக்கு ஊத்தப்பம் போகிறது, போன வேகத்தில் திரும்பி வருகிறது. கல்லை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு மல்லிகாவைப் பாத்திரம் கழுவ அனுப்புவதாக முதலாளி முடிவு செய்திருந்தார். அந்தக் கல்லடியில் நின்றுதான் மல்லிகா தன் பெண்ணைக் கல்லூரி வரை கொண்டுவந்திருக்கிறார்.  முதலாளியிடம் கொஞ்ச நாள் தவணை கேட்டேன்.

"பொங்கல் வரைக்கும் பாக்கறேன் மேடம். தோசை இப்டித் திரும்பி வந்துக்கினே இருந்தா நான் இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க."

பாட்டு வைத்தியம்

கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். அதில் வேண்டிய குரலைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவது மூளையின் வேலை. இசை கற்கிறவர்களின் மூளைக்கு இந்த வேலை நன்றாகப் பழகுகிறது, இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்கவும் அது உதவலாம் என்று பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தேன். எல்லோருக்கும் பலிக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வேறு வழியும் தெரியவில்லை. மல்லிகாவைக் கூப்பிட்டு, ஏதாவது வாத்தியம் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். வரவேற்பில் இருக்கும் கலைவாணி பின்னாலேயே உள்ளே வந்தாள்.

"மேடம், அந்தக்கா இன்னா கேட்டாங்க தெரியுமா? வேற நல்ல சென்டரு எதுனா இருக்கான்னு கேட்டாங்க."

செருப்புக்குப் பக்கத்தில்

ஆனாலும் கற்றுக்கொள்ளப் போனார். அவர் தெருவில் ஒரு பஜனைக் கோயில். அங்கே ஆர்மோனியம் வாசிக்கும் கோவிந்தன் பகலில் மோட்டார் மெக்கானிக். புரட்டாசியில் ச ரி க ம தொடங்கினார்கள். கோவிந்தன் ஒரு கட்டையை அழுத்துவார், மல்லிகா அதே சுரத்தைப் பாடவேண்டும். சீக்கிரமே பிசகில்லாமல் பாடுகிறார் என்று சேதி வந்தது. நான் கலைவாணிக்குக் காபி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன். ஓட்டலில் மட்டும் தோசை திரும்பி வருவது நிற்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மல்லிகா காதால் பிடிக்கவே இல்லை. கோவிந்தனின் விரல் எந்தக் கட்டையில் விழுகிறது என்று பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். கல்லடியில் அவருக்கு முதுகிலா கண் இருக்கிறது? முதுகைக் காட்டி உட்காருங்கள் என்றேன். பஜனைக்காரர்கள் பதறிப்போனார்கள். ஆர்மோனியம் இருப்பது பெருமாளுக்கு முன்னால். அதற்கு முதுகைக் காட்டினால் பெருமாளுக்கும் காட்டியதாகும். பேசிப் பேசி, மல்லிகா இருந்த இடத்திலேயே இருக்க, ஆர்மோனியம் பின்னால் வாசலுக்குப் போனது. முதலில் ஆர்மோனியம் மட்டும். பிறகு நாலு பேர் பாட்டோடு. மார்கழியில் டோலக், ஜால்ரா எல்லாம் சேர்ந்துகொண்டன. ஜால்ரா காதைக் குத்துகிறது என்று மல்லிகா அழுதபோது, கருவியின் அளவை மாற்றிக் கொடுத்தேன். விடியற்காலை பஜனை, அது முடிந்ததும் ஓட்டலுக்குப் பஸ். கோவிந்தன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்.

"உங்க வைத்தியத்துக்கோசரம் நான் செருப்புக்குப் பக்கத்துல குந்திக்கினு வாசிக்கறேன் மேடம்."

எண்ணெய் கம்மியா

பொங்கல் நெருங்கியது. மல்லிகாவிடம் சொல்லாமல் ஓட்டலுக்குப் போனேன். ஊருக்குப் போகிற கூட்டம், நிற்க இடமில்லை. ஓரமாக நின்று தட்டுகளை மட்டும் பார்த்தேன். ரோஸ்ட், ஊத்தப்பம், பொடி தோசை என்று போய்க்கொண்டே இருந்தன. இரண்டு பேர் ஒன்றாகக் கத்தினால் மட்டும் கரண்டியைத் தூக்கி, "ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்கப்பா" என்றார். எதுவும் திரும்பி வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் நின்றேன்.

கல்லடிக்கு அருகில் போய், சப்ளையரிடம் ஒரு சாதா தோசை சொன்னேன். மல்லிகா திரும்பிப் பார்க்காமலே, "மேடம், எண்ணெய் கம்மியா ஊத்தறேன், குந்துங்க" என்றார். குந்தினேன். கல்லாவில் இருந்த முதலாளி என் பக்கம் சாய்ந்தார்.

"பாத்திரம் கழுவறதுக்கு வேற ஆளைச் சேத்துட்டேன் மேடம்."

இப்போதெல்லாம் மிஷின் சரியில்லை என்று யார் வந்து நின்றாலும், உங்கள் தெருவில் பஜனைக் கோயில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன், அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்குகிறேன்.